முப்பது வீட்டு வாசல்

உக்காருங்க சார், நல்லாவே உக்காருங்க. பையை நான் மடியில வச்சுக்கறேன். நீங்க எதுவரைக்கும்? கடலூரா? அப்ப மூணு மணி நேரத்துக்குத் தொணை ஆச்சு. நான் பேசுற ஆளு, முன்னாடியே சொல்லிடறேன். தூக்கம் வந்தா தூங்குங்க, கோவிச்சுக்க மாட்டேன். சட்டசபையிலயே பாதிப் பேரு தூங்குவான், நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருப்பேன்.

ஆமா சார், சட்டசபைதான். இந்தச் சட்டையைப் பாத்தா நம்ப முடியாதுதான். நானே தொவைக்கறேன், காலர் அழுக்கு போவ மாட்டேங்குது. என் பேரு அபிராமசுந்தரம். ஆலங்கொல்லை மேர்னு காரைக்கால் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவான். சொல்லணும். இப்ப உள்ள பசங்களுக்கு மேர்னா என்னன்னே தெரியாது. பிரெஞ்சுக்காரன் காலத்துல கொம்யூனுக்கு ஒரு மேர். உங்க பக்கத்துப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரின்னு வச்சுக்குங்க, ஆனா அதைவிட ஒரு படி மேல. புள்ளை பொறந்தா மேர்கிட்ட எழுதணும், ஆளு செத்தா மேர்கிட்ட எழுதணும். தாலி கட்டுனா மட்டும் போதாது, மேர் முன்னாடி வந்து பொண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டாத்தான் கல்யாணம். நாப்பத்தெட்டுலேர்ந்து ஆலங்கொல்லையில ஒரு காகிதம் என் கை படாம வெளியில போனதில்லை. அப்புறம் பதவி போயும் அந்தப் பழக்கம் சனங்களுக்குப் போவல. எந்த மனுவா இருந்தாலும் "மேர் ஐயாகிட்ட குடுத்துட்டா சேர்த்துடுவாரு"ன்னு எடுத்துக்கிட்டு வந்துடும்.

இப்ப எங்க போறேன்னு கேட்டீங்கள்ல? பொண்டாட்டியை அழைச்சிட்டு வரப் போறேன். தையல்நாயகின்னு பேரு. பாண்டியில தம்பி வீட்டுல இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போயி இருபத்திரெண்டு வருஷம் ஆவுது. சிரிங்க, பரவால்ல. எனக்கே சிரிப்பா இருக்கு. அவளுக்கு அறுபத்திநாலு, எனக்கு எழுபத்திரெண்டு. இந்த வயசுல மாமனார் வீட்டுக்குப் போற மாதிரி பழம் வாங்கிக்கிட்டுப் போறேன் பாருங்க.

என்ன கோவம்னா... அதுக்கு நீங்க இணைப்புலேர்ந்து கேக்கணும்.

வெள்ளைக்காரன் நாப்பத்தேழுல போயிட்டான், உங்களுக்கெல்லாம். எங்களுக்குப் போவல. பிரெஞ்சுக்காரன் அசையாம உக்காந்திருந்தான். இங்க பொறையார் தாண்டுனோமே, அந்தப் பக்கமெல்லாம் அப்ப சுங்கச்சாவடி. வெத்தலைக் கட்டு கொண்டு போனாலும் அவுத்துப் பாப்பான். இந்தியாவோட சேரணும்னு ஒரு கூட்டம், கூடாதுன்னு ஒரு கூட்டம். நான் சேரணும்ங்கற கட்சி. ஐம்பத்துநாலுல சேரணும்ங்கற கட்சி. அதுக்கு முன்னாடி, உண்மையைச் சொன்னா என்ன, நான் கூடாதுங்கற கட்சியிலதான் இருந்தேன். ஜூலை பதினாலாம் தேதி அவன் கொடியை ஏத்தி அஞ்சு வருஷம் சல்யூட் அடிச்சவன்தான். சமயம் பாத்து மாறிட்டேன்னு இன்னும் பேசறானுவ. மாறுறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா சார்? மாறாம இருக்கறது சுலபம், சும்மா இருந்தா போதும்.

மாறுனப்புறம் நான் முழுசா மாறுனேன். அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஊர் ஊராப் போயி பேசுனேன். மைக் கிடையாது. நாலாயிரம் பேரு கூட்டத்துல கடைசியில நிக்கறவனுக்கும் கேக்கும். கீழூர்ல பிரதிநிதிகள் எல்லாம் கூடி ஓட்டுப் போட்டப்ப நானும் ஒருத்தன். அந்த நவம்பர் ஒண்ணாம் தேதி ஆலங்கொல்லையில மூவர்ணக் கொடி ஏத்துனது இந்தக் கைதான். தொட்டுப் பாருங்க. அன்னிக்குத் தையலு புதுப் பொடவை கட்டிக்கிட்டு முன்வரிசையில உக்காந்திருந்தா. மவன் குமரகுருவுக்கு ஏழு வயசு. கொடி மேல போறப்ப அவன்தான் மொதல்ல கை தட்டுனான்.

அதுக்கப்புறம் ரெண்டு தடவை எம்.எல்.ஏ. சாலை போட்டேன், பள்ளிக்கூடம் கட்டுனேன். அதெல்லாம் வேணாம், உங்களுக்குக் கொட்டாவி வருது.

கொடி ஏறுனாலும் காகிதத்துல பிரெஞ்சுக்காரன் எட்டு வருஷம் இழுத்தான். அறுபத்திரெண்டு ஆகஸ்டுலதான் எழுதிக் குடுத்தான். குடுக்கறப்ப ஒரு கொக்கி வச்சுட்டுப் போனான் பாருங்க. யாருக்காவது பிரெஞ்சுப் பிரஜையா இருக்கணும்னு ஆசைன்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம். எழுதாதவன் தானா இந்தியன். எழுதுனா அவனும் புள்ளைகுட்டியும் அந்த நாட்டு ஆளு. போவலாம், வரலாம், வேலை பாக்கலாம்.

நான் வீடு வீடாப் போயி எழுதாதேன்னு சொன்னேன். இத்தனை பாடுபட்டு சேர்ந்துட்டு, திரும்பி அவன் கால்ல விழுவானா மனுஷன்? கூட்டத்துல எல்லாரும் கை தட்டுனான். அப்புறம் என்ன பண்ணுனான் தெரியுமா? ஒவ்வொருத்தனா என் வீட்டுக்கு வந்து, எழுதுன காகிதத்தை என் கையிலயே குடுத்தான்!

சிரிப்பு வருதுல்ல? எனக்கு அன்னிக்குச் சிரிப்பு வரல. பிரெஞ்சுப் பட்டாளத்துல சைகோன் வரைக்கும் போனவன், சமையலுக்குப் போனவன், அப்பன் போன பாவத்துக்கு மவன், இப்படி முப்பது வீடு. "ஐயா, நீங்க பாண்டி போறப்ப கோன்சுலாட்டுல சேர்த்துடுங்க." கோன்சுலாட்டுன்னா பாண்டியில பிரெஞ்சுக்காரனோட தூதர் ஆபீசு. எழுதாதேன்னு சொன்னவன்கிட்டயே எழுதிக் குடுக்கறான். காகிதம்னா மேர் கையாலதான் போவணும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அவனுக்கெல்லாம் கல்யாணம் எழுதுனவனே நான்தானே. வாங்கிக்கிட்டேன். தகரப் பெட்டியில வச்சேன். மாசத்துக்கு ரெண்டு தடவை பாண்டி போறேன், வர்றேன். பெட்டி வீட்டுல இருக்கு.

சேர்க்கலை சார். பிப்ரவரியோட கெடு முடிஞ்சுது. பொறவு கேட்டவங்ககிட்ட பிரெஞ்சுக்காரன் தள்ளிட்டான்னு சொல்லிட்டேன்.

என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சுயநலமும் இல்லை. நல்லதுக்குத்தான் பண்ணுனேன். முப்பது குடும்பத்தைக் கண்காணாத தேசத்துக்குப் போவாம காப்பாத்துனேன். குளிருல கெடந்து சாவாம சொந்த மண்ணுல கெடக்கறான்ல? நன்றி சொல்லணும். எவன் சொன்னான்? அறுபத்திநாலு தேர்தல்ல என்னைத் தோக்கடிச்சான். சும்மா இல்லை, எங்க தெருப் பெட்டியில எனக்குப் பதினோரு ஓட்டு. எதிராளி சாராயத்தை ஊத்திட்டான்னு நெனைச்சேன். போன மாசம் வரைக்கும் அப்படித்தான் நெனைச்சேன்.

அதுக்கப்புறம் ஒரு மாதிரியா ஆயிட்டுது ஊரு. வணக்கம் சொல்லும், நிக்காது. டீக்கடைக்குப் போனா எடம் குடுக்கும், பேச்சு நின்னுடும். கல்யாணப் பத்திரிகை வரும், போனா மொதப் பந்தியில உக்கார வைக்கும், பக்கத்து எலை காலியா இருக்கும். மரியாதைன்னு நெனைச்சுக்கிட்டேன். பெரிய மனுஷன் பக்கத்துல உக்காரக் கூச்சம்னு.

தையலு போனது அந்தத் தேர்தலுக்கு ஏழு மாசம் முன்னாடி, போகி அன்னிக்கு. நான் பாண்டியில இருந்தேன். வீட்டைக் கழுவி, பழைய காகிதத்தைக் கொளுத்தலாம்னு பெட்டியைத் தொறந்திருக்கா. முப்பது காகிதமும் அவ கண்ணுல பட்டுட்டுது. தமிழ்ல பேரு எழுதி, சிலதுல ரேகை உருட்டி இருக்கே, புரியாம இருக்குமா? நான் பொங்கலுக்கு வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடக்கு. சாவி பக்கத்து வீட்டுல. மவனையும் கூட்டிக்கிட்டு தம்பி வீட்டுக்குப் போயிட்டா. ஒரு சீட்டு எழுதி வச்சிருந்தா. "முப்பது வீட்டு வாசல்லயும் நின்னு, ஒங்க காகிதம் என் பெட்டியில இருந்திச்சின்னு உங்க வாயால சொல்லுங்க. உள்ள போயி உக்காந்து இல்லை, வாசல்ல நின்னு. அன்னிக்கு நான் வர்றேன்."

காகிதம் பெட்டியில இல்லை. அவ போகித் தீயில போட்டுட்டான்னு நெனைச்சேன். சரி, தொல்லை விட்டுதுன்னு இருந்தேன். அவ நாலு மாசத்துல வந்துடுவான்னு நெனைச்சேன் சார். சமையல் தெரியாது எனக்கு, அது அவளுக்குத் தெரியும்ல, அந்தக் கவலையிலயாவது வருவான்னு.

இதோ சிதம்பரம். பத்து நிமிஷம் நிப்பான். டீ குடிக்கறீங்களா? வேணாமா? நானும் எறங்கல. எறங்குனா ஏற முட்டி மடங்க மாட்டேங்குது. போன கார்த்திகையில கொல்லைப் பக்கம் வழுக்கி விழுந்துட்டேன். ஒண்ணரை நாள் அங்கயே கெடந்தேன். கத்துனேன். நாலாயிரம் பேருக்குக் கேட்ட தொண்டை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு நடமாட்டம் கேக்குது, வரல. வெறகு கட்டுறவ ஒருத்தி வந்து பாத்துட்டு தூக்கி உக்கார வச்சா.

அதனாலதான் வீடு வீடாப் போனேன்னு நெனைக்காதீங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. சும்மாத்தானே இருக்கோம், ஒரு நடை போயி சொல்லிட்டு வந்தா என்னன்னு தோணிச்சு.

மொத வீடு காத்தாயி வீடு. புருஷன் சைகோன்ல இருந்த சிப்பாயி, செத்து ரொம்ப நாளாச்சு. வாசல்ல நின்னேன். வெயில்னா வெயில். சொல்ல ஆரம்பிச்சா வாய் ஒட்டிக்குது. மேடையில ரெண்டு மணி நேரம் பேசுவேன், இது ஒரு வரி. "காத்தாயி, ஒன் புருஷன் குடுத்த காகிதத்தை நான் சேர்க்கலை. என் பெட்டியிலயே வச்சிருந்தேன்." அவ மொறத்தைக் கீழ வச்சா. "தெரியுமே மேர் ஐயா"ங்கறா. உள்ள போயி ஒரு டப்பாவைக் கொண்டாந்து, அந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டறா. "அன்னிக்கே அம்மா வீடு வீடா வந்து அவங்க அவங்க காகிதத்தைக் குடுத்துட்டு, கையெடுத்துக் கும்புட்டுட்டுத்தானே பஸ் ஏறுனாங்க. வெயில்ல நிக்காதீங்க, மோர் குடிக்கிறீங்களா?"

கொளுத்தலை சார் அவ. ஒவ்வொரு வீடா ஏறி குடுத்திருக்கா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. இருபத்திரெண்டு வருஷமா எனக்கு வணக்கம் சொன்ன ஒவ்வொருத்தனும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொல்லியிருக்கான். "அப்ப ஏன் ஒருத்தரும் என்னைக் கேக்கல?"ன்னேன். காத்தாயி சொன்னா, "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னா. மோரைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

மத்த வீட்டுக்கும் போனேன், விடலை. பத்தொம்பது வீட்டுலதான் ஆளு இருக்கு. இருதயராஜ்னு ஒருத்தன், இப்ப ரைஸ்மில்லுல மூட்டை தூக்கறான், அவன் மட்டும் கதவை மூஞ்சியில சாத்துனான். சாத்துன கதவு கிட்டயே சொல்லிட்டு வந்தேன். ஒரு கெழவருக்கு ஞாபகமே இல்லை, என்ன காகிதம், எந்தத் தேசம்னு கேட்டாரு. மூணு எடத்துல வீடே இல்லை, இடிஞ்ச சுவருதான். அங்கயும் நின்னு சொன்னேன். ஆடு மேய்க்கறவன் ஒருத்தன் ஒரு மாதிரியாப் பாத்தான். பாக்கட்டும். முப்பதும் முடிச்சேன்.

முடிச்ச வாரமே மச்சான் லெட்டர் போட்டுட்டான். மாசிலாமணின்னு, தையலோட தம்பி, இவனும் பட்டாளத்துக்காரன்தான், ஆனா இவன் பாண்டியிலயே இருந்ததால தன் காகிதத்தைத் தானே குடுத்துட்டான். பொழைச்சான். என்ன எழுதியிருக்கான்னா, "அத்தான், அக்காவுக்கு எல்லாச் சேதியும் வந்துவிட்டது. முப்பது வீடும் ஆயிற்று என்று கேட்டு அழுதார்கள். மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். வந்து அழைத்துப் போங்கள்." மூட்டை கட்டி வச்சிருக்காளாம் சார். பாதி ராத்திரி எழுந்து கூட நான் அந்தக் கடுதாசியைப் படிச்சிருக்கேன்.

நல்ல முடிவுன்னு நீங்க நெனைக்கறீங்க. தலையாட்டுறீங்க. இருங்க.

காகிதம் முப்பத்தி ஒண்ணு.

குமரகுருவுக்கு அப்ப பதினஞ்சு வயசு. பதினாறு ஆவாத புள்ளைக்கு அப்பன்தான் எழுதிக் குடுக்கணும். மாமன் புள்ளைங்க எல்லாம் போவப் போவுது, நானும் போறேன்னு ஒரே அழுகை. தையலும் சேந்துக்கிட்டா. "நீங்க இந்தியனா இருங்க, யாரு வேணாம்னா? அவனுக்கு மட்டும் எழுதிக் குடுங்க." ஒரு வாரம் வீட்டுல அடுப்பு எரியல. சரின்னு கையெழுத்துப் போட்டேன். ரெண்டு பேரு கண்ணு முன்னாடியும் போட்டேன். பையன் என் கால்ல விழுந்தான்.

அதைப் பெட்டியில வைக்கல. தனியா வச்சேன். பாண்டிக்கும் எடுத்துக்கிட்டுப் போனேன், பொய் சொல்லலை, கோன்சுலாட்டு வாசல் வரைக்கும் போனேன். எதிர்ல ரெண்டு பத்திரிகைக்காரன் நின்னான். "என்ன மேர் ஐயா, இந்தப் பக்கம்?"ன்னான். அப்படியே நடந்துட்டேன். கொடி ஏத்துனவன் மவனை எழுதிக் குடுத்தான்னு மறுநாள் வந்தா என் நெலைமை என்ன? பெறகு போவலாம்னு இருந்தேன். கெடு முடிஞ்சுட்டுது. வீட்டுல வந்து, "இணைப்புக்காரன் மவன்னு வன்மம் வச்சு தள்ளிட்டான்"னு சொன்னேன். நம்பிட்டாங்க. அந்த அறுபத்திநாலு தேர்தல்ல அதை மேடையிலயும் சொன்னேன். "என் மகனையே பழிவாங்கினார்கள்"னு. நல்ல கைதட்டல்.

மாமன் புள்ளைங்க அறுபத்தாறுல கப்பல் ஏறுனாங்க. குமரகுரு கப்பல் வரைக்கும் போயி வழியனுப்பிட்டு வந்தானாம். மறு வருஷம், ஏதாவது சரக்குக் கப்பல்ல வேலை கெடைக்கும், எப்படியாவது அந்தப் பக்கம் போயிடலாம்னு பம்பாய்க்குப் போனான். ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் இல்லை. பத்தொம்பது வருஷமா இல்லை. உசிரோட இருக்கானான்னு தெரியாது. எங்கயாவது இருப்பான். கல்யாணம் கட்டியிருப்பான்.

ரெண்டாவது கடுதாசியில அவன் எழுதுன ஒரு வரியை மச்சான் எனக்குப் படிச்சுக் காட்டுனான். "அப்பா மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. அவர்தான் கையெழுத்துப் போட்டாரே."

இருங்க சார். தூசி... இல்லை, தூசி இல்லை. அழுவறேன். வயசானா வந்துடுது.

தையலுக்கு முப்பதுதான் தெரியும். புள்ளை விஷயத்துல நான் நல்லவன், பிரெஞ்சுக்காரன்தான் கெட்டவன். நான் போயி நின்னா என்ன கேப்பா தெரியுமா? "எல்லா வீடும் ஆச்சா?"ன்னு கேப்பா. கணக்கு விடமாட்டா அவ. ஆச்சுன்னா மூட்டையைத் தூக்கிக்கிட்டு எங்கூட வந்துடுவா. என் வீட்டுல வெளக்கு எரியும். கொல்லையில விழுந்தா தூக்க ஆளு இருக்கும். ஒரு வார்த்தைதான், ஆச்சுன்னு. அவளும் நிம்மதியாப் போவா, நானும் நிம்மதியாப் போவேன், யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லுங்க. நீங்க படிச்சவரு. யாருக்கு நஷ்டம்?



கடலூர் வந்துட்டுது போலருக்கே. பாலம் தாண்டிட்டான். பையை எடுத்துக்குங்க. சார், ஒரு விஷயம். அந்த லெட்டர் வந்து இன்னியோட பதினெட்டு நாள் ஆவுது. நான் மூணு தடவை கெளம்பிட்டேன். மூணு தடவையும் கடலூர்ல எறங்கி, அந்தாண்ட வர்ற காரைக்கால் வண்டியைப் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். பழத்தை நானே தின்னுட்டேன். இன்னிக்கும் எங்கிட்ட இருக்கறது கடலூர் டிக்கெட்டுதான், பாருங்க.

என்ன கையைப் புடிக்கறீங்க? கூட வரேங்கறீங்களா? வேணாம் சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும், வேணாம். நீங்க வந்தா ஒரு விருந்தாளி வந்துட்டாருன்னு உள்ள கூப்புடுவா. பாய் விரிப்பாங்க, காப்பி வரும். உள்ள போயி உக்காந்துட்டா நான் எல்லாத்தையும் பேசுவேன், அதை மட்டும் பேச மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். வாசல்லயே சொல்லணும். உள்ள இருக்கற அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லணும். சொன்னப்புறம் வருவாளா? எங்க வருவா. மூட்டையை அவுத்துப் போட்டுட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவா. புள்ளையைப் பெத்தவ, வேற என்ன பண்ணுவா?

போங்க சார், வண்டி நின்னுட்டுது. படி ஒசரம், பாத்து எறங்குங்க.

கண்டக்டர்! தம்பி, இங்க. ஒரு பாண்டி குடுப்பா. என்னா? இல்லைப்பா, அவரு எறங்கறாரு. ஒண்ணுதான். நான் மட்டும்தான்.